கணுக்காலில் கட்டிய சாட்சி

அன்று ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு வரைவு எழுதிக்கொண்டிருந்தேன். திருவரங்குளத்துக்குக் கிழக்கேயிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர், எதிர் பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். எழுதி முடித்து வாசிக்க எடுத்தபோது ‘வடக்கே ஊராட்சி ரோடு’ என்ற வரி ஆறு முறை இருந்தது. அதன் கீழே தெற்கும் இல்லை, கிழக்கும் இல்லை. ஆறும் என் கையெழுத்துதான். கடைசி இரண்டு வரிகள் தாளின் ஓரத்துக்குச் சரிந்து கிடந்தன.

மூத்தவர் சொன்னார்: “நாங் கூப்புட்டனே, காதுல விழலீங்களா? வாய மட்டும் மென்னுக்கிட்டே இருந்தீங்க. வெத்தல போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். ஆள் சொல்வதை நம்பாமல் காகிதத்தைப் பார்ப்பதுதான் என் தொழில். அன்று காகிதத்தையும் நம்பவில்லை. அந்தத் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ இப்படி ஒன்று நடந்தால் அந்தத் தாளைக் கிழிக்காதீர்கள். மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நான் மருத்துவரிடம் போக ஏழு மாதம் ஆனது.

என் பெயர் பிலோமினா. ஆவூர்ப் பக்கம் பிறந்து திருவரங்குளத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவர் சவரிமுத்து அரசுப் பேருந்தில் நடத்துநர். ஒரே மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவர் டூட்டிக்குப் போய்விட்டால் வீட்டில் நான் மட்டும்தான்.

அந்த ஏழு மாதமும் வீட்டில் பொருள்கள் இடம் மாறின. நான் தாழ்ப்பாள் போட்ட கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. போடாத மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகப் புடவை எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தபோது, துணிகளுக்கு நடுவே காய் நறுக்கும் கத்தி இருந்தது.

யாரோ வீட்டுக்குள் வந்து போகிறார்கள் என்று முடிவு செய்தேன். சாவி இரண்டு. ஒன்று என்னிடம், இன்னொன்று கணவரிடம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆளைக் கூட்டிவந்து பூட்டை மாற்றினேன்.

மாலையில் அவர் வாசலில் நின்று கதவைத் தட்டினார். “ஏன் சாவி சேர மாட்டேங்குது?”

“பூட்ட மாத்திட்டேன். உள்ள யாரோ வாராங்க. நீங்களா இல்லாட்டி யாருன்னு நீங்களே சொல்லுங்க.”

டூட்டிப் பையைத் தோளிலிருந்து இறக்கி வாசற்படியில் வைத்தார். “பிலோமி, டாக்டர்ட்டப் போவோம்” என்றார்.

“என்னையப் பைத்தியம்னு எழுதி வாங்கப் போறீங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைக் கழற்றினார். அதை நான் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன்.

எப்படியோ பேசிப் பேசி என்னைத் திருச்சிக்குக் கூட்டிப்போனார். நரம்பியல் மருத்துவருக்கு அறுபது வயதிருக்கும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, நான் சொல்லாத ஒன்றைக் கேட்டார்.

“வயித்துலருந்து ஏதாவது மேல எழும்பி வர்ற மாதிரி இருக்குமா? கூடவே ஏதாவது வாடை?”

இருந்தது. ரப்பர் கருகுவது போன்ற வாடை. அசிடிட்டி என்று நினைத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். இதை இவரிடம் யார் சொல்லியிருப்பார்கள் என்று கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

குவிய வலிப்பாக இருக்கலாம் என்றார் மருத்துவர் (மூளையின் ஒரு சிறு பகுதியில் மட்டும் மின்னோட்டம் தடுமாறுவது, ஆள் கீழே விழாமலே நினைவு மட்டும் விட்டுப்போகும்). “ரெண்டு நிமிஷம் வரும். அதுக்கப்புறம் அஞ்சு, பத்து நிமிஷம் மயக்கம் தெளியாம நடமாடுவீங்க. கதவத் தெறப்பீங்க, பொருள எடுத்து வைப்பீங்க. ஒண்ணும் ஞாபகம் இருக்காது.”

“நான் விழுந்ததே இல்ல சார். நுரை தள்ளுனதில்ல.”

“எல்லா வலிப்பும் அப்படி வராதும்மா.”

மூளை மின்னலைப் பதிவு எடுத்தார்கள் (தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தை வரைபடமாக எடுப்பது). ஒன்றும் தெரியவில்லை. வெற்றி பெற்றவள் போல எழுந்தேன். அந்த அரைமணி நேரத்தில் வரவில்லை என்பதால் நோயே இல்லை என்றாகிவிடாது என்றார் மருத்துவர். வீட்டில் தனியாக இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் தெரிய வேண்டும். ஒரு பொறியியல் கல்லூரிக் குழு, உடம்பில் அணியும் உணரிகளை (அசைவை அளக்கும் சிறு கருவிகளை) வைத்து, வீட்டுக்குள் ஆள் எங்கே இருக்கிறார் என்று கண்டறிய ஆராய்ச்சி செய்கிறது, சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்.

நான் யோசிப்பதற்குள் கணவர் “சேந்துக்குறோம் சார்” என்றார். அவருடைய அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் பர்வீன் வந்தாள். அந்தக் குழுவின் ஆராய்ச்சி மாணவி, மணமேல்குடிப் பெண், முப்பது வயதிருக்கும். கணுக்காலில் கட்ட ஒரு பட்டை, இடுப்பில் செருக ஒரு வில்லை, மணிக்கட்டுக்கு ஒன்று. சுவரில் ஒட்ட, தீப்பெட்டி அளவில் நான்கு பெட்டிகள்.

“கால்ல உள்ளது அடி எண்ணும்க்கா. இடுப்புல உள்ளது எந்தப் பக்கம் திரும்புறீங்க, மேல ஏறுறீங்களா எறங்குறீங்களான்னு பாக்கும். கையில உள்ளது கை அசைவுக்கு. தனித்தனியாப் பாத்தா மூணும் தப்பும் தவறுமாத்தான் சொல்லும். மூணையும் சேத்து, சுவத்துல உள்ளதையும் வச்சுச் சரிபாத்தா, ஆளு எங்க இருக்காங்கன்னு ஓரளவு தெரியும்.”

“ஓரளவா?”

“ஓரளவுதான்க்கா.”

அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் சுவர்ப் பெட்டியைக் காட்டி, “இது காமிராவா?” என்று கேட்டேன். இல்லை, பேச்சும் கேட்காது என்றாள். “தெறந்து காட்டு” என்றேன். சின்னத் திருப்புளியால் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு பச்சை அட்டையும் பொத்தான் பேட்டரியும் இருந்தன. காமிரா இருந்திருந்தாலும் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்காது. இருந்தும் தலையாட்டினேன்.

சம்மதப் படிவத்தை வரி வரியாகப் படித்து, கடைசியில் என் கையால் ஒரு நிபந்தனை சேர்த்தேன். என்னைக் கேட்காமல் என் பதிவைக் குடும்பத்தார் யாருக்கும் காட்டக் கூடாது. பர்வீன் அதன் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டாள்.

மருத்துவர் சொன்னபடி வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். முதல் மூன்று நாள், நிறைகுடம் தூக்கியவள் போல நடந்தேன். ஒவ்வொரு அடியும் எங்கோ எழுதப்படுகிறது என்ற நினைப்பில் கால் தரையில் சரியாகப் பதியவில்லை. என் வீட்டு அடுப்படிக்குப் போவதற்கே யாரிடமோ அனுமதி கேட்பது போல இருந்தது.

நான்காம் நாள் மாலை கணவர் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றில் கை வைக்காமல் கேட்டார்: “காலையில பதினோரு மணிக்கு அந்தோணி வீட்டுல ஒனக்கு என்ன வேல?”

அந்தோணி அண்ணன் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். சிங்கப்பூரிலிருந்து திரும்பிவந்து தனியாக இருப்பவர்.

“நான் எங்கயும் போகலையே. யாரு சொன்னா?”

போனை எடுத்து நீட்டினார். திரையில் எங்கள் வீட்டின் வரைபடம். என் பெயரில் ஒரு நீலப் புள்ளி. அது சுவருக்கு அந்தப் பக்கம், ஒன்பது நிமிடம் நின்றிருந்தது.

நான் போகாத வீட்டுக்குப் போனதாக இருந்தது ஒன்று. என் படிவத்துக்கு விரோதமாக அது அவர் போனில் இருந்தது இன்னொன்று. எதை முதலில் கேட்பது என்று தெரியாமல் பரிமாறுவதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். மூன்று கருவிகளையும் கழற்றி ஒரு பையில் போட்டுக் கட்டினேன்.

மறுநாள் பர்வீன் அடித்துப்பிடித்து வந்தாள். வரைபடத்தைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் இரும்புப் பீரோவின் முன்னால் போய் நின்றாள்.

“இதுதான்க்கா. தெசை காட்டுற சில்லுக்கு இரும்பு ஆகாது. பீரோப் பக்கம் வந்ததும் அது கொஞ்சம் திரும்பிக்கிரும். அப்புறம் நீங்க நேரா நடந்தாலும் சாய்வா நடக்குறதா கணக்குப் போடும். நடுவுல சுவர் இருக்குறது அதுக்குத் தெரியாது.”

கருவிகளைத் தானே கட்டிக்கொண்டு பீரோவை ஒட்டி இரண்டு முறை நடந்து காட்டினாள். அவளுடைய புள்ளியும் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தோணி அண்ணன் வீட்டுக்குள் போனது. கணவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஆபத்துன்னா ஒதவுமேன்னு அண்ணன் போன்ல போட்டுக் குடுத்தேன். ஒங்களக் கேக்காமக் குடுத்தது என் தப்புதான்க்கா” என்று சொல்லி, அதை அவர் போனிலிருந்து நீக்கினாள். பீரோவை வேறு மூலைக்கு நகர்த்தச் சொன்னாள்.

அத்தோடு விலகியிருக்கலாம். ஆனால் அந்த மெஷினைத் தோற்கடிக்க வேண்டும் என்ற வீம்பு வந்துவிட்டது. அது தப்பு என்றால் மருத்துவர் சொன்னதும் தப்பு என்று எனக்குள் ஒரு கணக்கு. ஒரு நோட்டு வாங்கினேன். கருவிகளைக் கட்டிக்கொண்டேன். எங்கே இருக்கிறேன், மணி என்ன என்று கால்மணிக்கு ஒருமுறை என் கையால் எழுதினேன். வாரக் கடைசியில் இரண்டையும் வைத்து ஒப்பிட்டுக் காட்டலாம் என்று இருந்தேன்.

அது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் அரிசியை ஊறவைத்து, மில்லில் அரைத்து, ஈரமாவை மாடியில் வேட்டி விரித்துப் பரப்பிவிட்டு வந்தேன். எங்கள் மாடிக்கு அப்போது பாதிக் கைப்பிடிச் சுவர்தான். தெருப் பக்கம் வெறும் கம்பிதான் நீட்டிக்கொண்டிருந்தது.

பதினொன்று பத்துக்குப் பர்வீன் போன் செய்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

“அக்கா, எங்க இருக்கீங்க?”

“ஹால்லதான். நாற்காலியில.”

“மாடியிலருந்து எறங்கிட்டீங்களா?”

“மாடிக்கு நான் எங்க போனேன்? ஒம் மெஷினு மறுபடியும் ஒளறுது.”

“பத்து அம்பத்திரண்டுலருந்து ஏழு நிமிஷம் மேலதான்க்கா காட்டுது. தெருப் பக்கம் வரைக்கும் போயிருக்கீங்க.”

நோட்டைப் பார்த்தேன். பத்து ஐம்பது: ஹால், நாற்காலி. பதினொன்று ஐந்து: ஹால், நாற்காலி. இரண்டும் என் எழுத்து. அதை அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

“பீரோ அது வேலையக் காட்டியிருக்கும்” என்றேன்.

“தெசையத்தான்க்கா பீரோ கெடுக்கும். ஒசரத்தக் கெடுக்காது. அத காத்தழுத்தத்த வச்சுப் பாக்குறோம். மாடியேறாம அந்த ஒசரம் வராது.” சற்று நிறுத்தி, “மாடிக் கதவத் தாழ்ப்பாப் போட்டு உக்காருங்கக்கா, நான் அண்ணனுக்குச் சொல்றேன்” என்றாள்.

அவளைப் பொய்யாக்கத்தான் மாடி ஏறினேன். போன் காதில் இருந்தது. நான்காவது படியில் வெள்ளையாகத் தூசி. காகம் கிளறியிருக்கும் என்று நினைத்தேன். மேலே போனதும் நின்றுவிட்டேன்.

மாவில் காலடிகள் இருந்தன. வேட்டியின் குறுக்கே நாலு எட்டு. அதற்கப்பால் தளத்தில் மங்கிய வெள்ளையாகத் தெருப் பக்கம் வரை போய், கம்பிகளுக்கு இந்தப் பக்கம் ஒரு முழத் தூரத்தில், இரண்டு பாதமும் சேர்ந்து நின்ற தடம். அங்கிருந்து திரும்பிப் படிக்கட்டுக்கு.

யாரோ வந்திருக்கிறார்கள் என்பதுதான் அப்போதும் என் முதல் நினைப்பு. கீழே வாசற்கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு வலது தடத்திலும் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிக் கிடந்தது. சின்ன வயதில் அம்மிக்கல் விழுந்து வளைந்த விரல் அது.

புடவையைத் தூக்கி என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் வெடிப்புகளில் மாவு. கணுக்கால் பட்டையின் இடுக்கிலும் மாவு.

ஒருவர் இல்லை என்று மறுத்தாலும் கைரேகை இருந்தால் பத்திரம் செல்லும் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அங்கே தளத்தில் உட்கார்ந்து, “நாந்தாம்மா. நாந்தான் வந்திருக்கேன்” என்றேன். பர்வீன் அழுகிறாளா பேசுகிறாளா என்று தெரியவில்லை.

பயம் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெளியாள் என்றால் பூட்டை மாற்றலாம்.

கணவர் பாதி டூட்டியில் வந்தார். அந்தக் காலடிகளை அவரும் பார்த்தார். இருவரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்தோம்.

“எனக்குத் தெரியும்” என்றார். “நீ பூட்ட மாத்துறதுக்கு மொத வாரம். கேஸு சீறிக்கிட்டு இருக்கு, பத்த வைக்கல, நீ அடுப்புக்கு முன்னாடி நிக்கிற. கூப்புட்டா திரும்பல. நாந்தான் அமத்துனேன். கொஞ்ச நேரங் கழிச்சு, ஏங்க இம்புட்டுச் சீக்கிரம் வந்துட்டீங்கன்னு கேட்ட.”

“அப்பவே ஏங்க சொல்லல?”

“ஏற்கெனவே எம்மேலயே சந்தேகமா இருந்தவகிட்ட என்னான்னு சொல்றது? நாந்தான் கேஸத் தொறந்து விட்டேன்னுருப்ப.”

சொல்லியிருப்பேன்.

“அந்தோணி வீட்டு விசயம்?” என்று கேட்டேன்.

கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். “அன்னைக்குப் பூரா சந்தேகப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன். டிக்கெட்டுக் கிழிக்கிறப்பவும் அதேதான் ஓடுச்சு.”

எங்கள் இருபத்தாறு வருட வாழ்க்கையில் அவர் சொன்னவற்றில் நான் முழுதாக நம்பியது அந்த ஒன்றைத்தான்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. மருத்துவமனையில் மூன்று நாள் தலையில் கம்பிகளோடு, காமிராவின் முன்னால் படுக்கவைத்தார்கள். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மருத்துவர் அதை எனக்குப் போட்டுக் காட்டினார். படத்தில் இருந்தவள் கண் திறந்திருந்தாள். வாய் மென்றது. வலது கை போர்வையின் ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தது. “ஒங்க பேரு என்ன?” என்று நர்ஸ் கேட்டாள். அவள் நர்ஸைப் பார்த்தாள்; ஏதோ சொல்லப்போகிறவள் போல இருந்தாள், சொல்லவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. பாவம் என்றுகூடத் தோன்றியது.

காந்த ஸ்கேனில், காதோர நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, நினைவைச் சேர்த்துவைக்கும் இடத்தில் ஒரு சிறு தழும்பு தெரிந்தது. சிறுவயதில் கடும் காய்ச்சல் வந்ததுண்டா என்று கேட்டார்கள். கேட்டுச் சொல்ல அம்மா இல்லை.

மாத்திரை தொடங்கியதும் இன்னொரு சோதனை. இரண்டு வாரத்தில் எதைப் பார்த்தாலும் எரிச்சல், எல்லோர் மேலும் சந்தேகம். மாத்திரை அட்டையைப் பழைய அட்டையோடு வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். கணவர் மாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். அதைக் கூச்சத்தோடு மருத்துவரிடம் சொன்னபோது, “இந்த மருந்து சில பேருக்கு அப்படிச் செய்யும். சொன்னது நல்லதாப் போச்சு” என்று வேறு மருந்து எழுதினார். மருந்தினால் மனம் மாறும். தயவுசெய்து அதை மறைக்காதீர்கள். தானாக நிறுத்தவும் செய்யாதீர்கள்.

கணவர் நான்கு நாள் லீவு போட்டு, கொத்தனாரோடு நின்று, கைப்பிடிச் சுவரை நெஞ்சுயரம் எழுப்பினார். அந்த மாவை வாரிக் கொட்டினோம். அந்த வருடம் முறுக்கு சுடவில்லை.

இன்னும் மூன்று மாதம் கருவிகளைக் கட்டியிருந்தேன். மாத்திரையின் அளவு ஏற ஏற, நினைவில் இல்லாத நடை குறைந்து, பிறகு நின்றது. பர்வீன் வந்து சுவர்ப் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போனாள். “இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கிறீங்களாக்கா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒருமுறை அது சொன்னது தப்பு, ஒருமுறை நான் எழுதியது தப்பு. காலமெல்லாம் இரண்டையும் வைத்து வழக்கு நடத்த முடியாது. கணுக்காலில் பட்டை இருந்த இடம் வெளுத்திருந்தது. சில வாரம் அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மறுபடியும் பத்திரம் எழுதுகிறேன். முடித்ததும் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்து ஒருமுறை வாசிக்கச் சொல்கிறேன். முதலில் அவமானமாக இருந்தது. இப்போது இல்லை.

போன மாதம் திருச்சிக்குப் பரிசோதனைக்குப் போனேன். முதல் முறையாகத் தனியாக. “கடைசியா எப்ப வந்துச்சு?” என்று மருத்துவர் கேட்டார். “பதினோரு மாசமா வரல சார். எனக்குத் தெரிஞ்சு” என்றேன். “அப்படிச் சொல்றதுதான் சரி” என்று எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வெயில் நேரம். கீரனூரில் நின்றது தெரியும். அடுத்து நான் பார்த்தபோது வண்டி புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. நடுவில் எதுவும் இல்லை. நார்த்தாமலை விலக்கு இல்லை, வழியில் ஒரு ஊர் இல்லை. மறுபடியும் வந்துவிட்டதோ? வாயைத் தடவிப் பார்த்தேன். கையைப் பார்த்தேன்.

பக்கத்தில் ஒரு அம்மாள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாதவர். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“ஏங்க, நான் இப்ப என்னங்க பண்ணிக்கிட்டு இருந்தேன்? வாய மென்னேனா? கைய எதுவும் பெசஞ்சேனா?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு தோள் பக்கம் கசங்கிக் கிடந்த தன் புடவையை நீவிவிட்டார்.

“நல்லா வாயத் தெறந்துக்கிட்டுத் தூங்குனீங்க. எந்தோள்லதான் சாஞ்சு கெடந்தீங்க. அசதி போலன்னு நாந்தான் எழுப்பல.”

எழுந்து இறங்க வேண்டும். எனக்கு இறங்க மனமில்லை. காணாமல் போன அந்த நேரம் முழுக்க வெறும் தூக்கம். எல்லோருக்கும் வருகிற தூக்கம். “இன்னொருக்கா சொல்லுங்களேன்” என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல், அவர் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் இறங்கினேன்.